வத்தல் வீட்டுக் குளம் வத்தாது

ஆளைப் பார்த்தாலே பெயர்க் காரணம் புரிந்துவிடும். வெயிலில் போட்டு எடுத்தது மாதிரி உடம்பு. கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் ஒரு குருவி வந்து குடித்துவிட்டுப் போகலாம். ஆனால் வத்தல் என்ற பெயர் உடம்பால் மட்டும் வந்ததில்லை, தொழிலாலும் வந்தது. தண்ணீர் இறைக்கிற பம்புகளை வாடகைக்கு விடுவார், கூடவே போய் ஓட்டியும் கொடுப்பார். தூர் வார வேண்டிய கிணறு, வெள்ளம் புகுந்த கிடங்கு, வீடு கட்டத் தோண்டிய குழி என்று எதுவானாலும் “வத்தலைக் கூப்பிடு” என்பார்கள். அவர் போய்க் குழாயை இறக்கினால் பொழுது சாய்வதற்குள் தரை தெரியும். சுற்றுவட்டாரத்தில் அவர் அடி பார்க்காத தண்ணீர் கிடையாது.

ஒன்றே ஒன்றைத் தவிர. அவர் வீட்டுப் பின்பக்கம் கிடக்கிற குளம்.

வீடும் குளமும் அப்படி ஒட்டிப் பிறந்தவை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்தான். மத்தியானத்தில் வெயில் குளத்தில் பட்டுத் திரும்பி வந்து கூரையில் நெளியும். படுத்துக்கொண்டு பார்த்தால் நாமே தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி இருக்கும். புதிதாக வந்த விருந்தாளிகள் “அடடா, என்ன அழகு” என்பார்கள். ஒரு பொழுது தங்கிவிட்டால் அப்புறம் சொல்ல மாட்டார்கள். இடதுபுறம் பம்பு கொட்டகை, டீசல் வாடை, சுருட்டி மாட்டிய குழாய்கள். வலதுபுறம் கல்படி. கல்படியை ஒட்டி, எப்போதோ ஒரு மழையில் சரிந்து விழுந்த கரை. அந்தக் கற்களை யாரும் எடுத்துக் கட்டவில்லை. அவை பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே, பாசி பூத்துக் கிடந்தன. அந்த இடத்தில் மட்டும் சில நாளில் குமிழி வரும். ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. யாரோ ஆற அமர மூச்சு விடுகிற மாதிரி.

வத்தலுக்கு ஒரு அண்ணன் இருந்தார். இருந்தாரா, இருக்கிறாரா என்பதுதான் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத சமாசாரம்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் தொழிலை ஆரம்பித்தார்கள். வாடகைக்குப் போகிற ஒவ்வொரு பம்பையும் முதலில் வீட்டுக் குளத்தில் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அண்ணன் வேலைக்காரர், கோபக்காரர். ஒரு மழைக்காலத்து மத்தியானம் இருவருக்கும் கொட்டகையில் சண்டை. எல்லாம் உப்புப் பெறாத விஷயம். “உன்கூட மாரடிக்க என்னால முடியாது, நான் எங்கியாவது கண்காணாத இடத்துக்குப் போயிடறேன்” என்றார் அண்ணன். “போறதுன்னா போ, யாரு கையைப் பிடிச்சா?” என்றார் தம்பி. அவ்வளவுதான். வத்தல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அண்ணன் இல்லை. கல்படியில் அவர் சட்டையும் செருப்பும் மட்டும் மழையில் நனைந்து கிடந்தன.

ஆள் விட்டுத் தேடினார்கள். மூழ்கித் தேடுகிறவர்கள் வந்து நடுக்குளம் வரை துழாவிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். மிதக்கட்டும் என்று காத்திருந்தார்கள். எதுவும் மிதக்கவில்லை. “தண்ணி பொணத்தை வச்சுக்காது, துப்பிடும்” என்றார்கள் பெரியவர்கள். அப்படியானால் ஆள் ஓடிவிட்டான் என்றுதானே அர்த்தம்? குளத்தை இறைத்துப் பார்த்துவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு, அப்போது உயிரோடு இருந்த அம்மா வாசலுக்கும் கொட்டகைக்கும் நடுவில் குறுக்கே நின்றுகொண்டாள். “எம்புள்ள செத்துட்டான்னு சொல்லிப் பம்பு போடுவீங்களா? எவன் போடறான்னு பார்க்கறேன். அவன் வருவான்டா.” யாரும் போடவில்லை. அவரும் வரவில்லை. அம்மாவும் வழியைப் பார்த்துப் பார்த்தே போய்ச் சேர்ந்தாள்.

மிச்சம் இருந்தது அண்ணி.

கல்யாணமாகி வந்து முதல் புடவை நைந்து போவதற்குள் புருஷனைக் காணோம். பிறந்த வீட்டில் கூப்பிட்டார்கள், போகவில்லை. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். பகல் ஷிப்ட். உடம்பெல்லாம் வெண்ணெயும் சர்க்கரையும் மணக்க வருவாள், கை கழுவுவாள், நேரே கல்படிக்குப் போய் உட்காருவாள். ஊர் என்ன சும்மா இருக்குமா? பாதி ஊருக்கு அவள் செத்தவன் பெண்டாட்டி. மீதி ஊருக்கு விட்டுட்டு ஓடினவன் பெண்டாட்டி. ஒருமுறை குழாயடியில் ஒருத்தி, “ஏங்க, நீங்க எந்தக் கணக்குல வரீங்க?” என்று கேட்டேவிட்டாள். அண்ணி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “உங்க கணக்குல வரல, அது போதும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நாக்கு கூர்மைதான். ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

குளத்தைப் பற்றி ஊர் பேசியது இன்னும் மோசம். எவ்வளவு வறட்சி வந்தாலும் அது வற்றவில்லை. பஞ்சாயத்து ஏரியில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், கிணறுகளில் வாளி தரையில் இடிக்கும். வத்தல் வீட்டுக் குளம் மட்டும் கல்படியின் பாதிக்கு நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு படி இறங்காது.

“ஏம்ப்பா வத்தலு, என் மாடெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. உன் குளம் மட்டும் எப்படி மாமியார் வீட்டு மாப்பிள்ள மாதிரி அசையாம உக்காந்திருக்கு?” என்பார் பால்பண்ணைக்காரர். “உள்ள ஆள் இருக்குப்பா. அதான் தண்ணிய விட மாட்டேங்குது.”

“உங்க பால்லயும்தான் தண்ணி வத்தறதே இல்ல. அதுக்குள்ள யாரு இருக்கா?” என்று சிரித்துக்கொண்டே வத்தல் நகர்ந்துவிடுவார். அந்தச் சிரிப்பு முதுகைத் திருப்பின உடனே அணைந்துவிடும்.

அந்தக் குளத்து மீனை யாரும் பிடிப்பதில்லை. எதைத் தின்று வளர்ந்ததோ என்ற நினைப்பு. பிடிக்காத மீன் பெருத்துக் கொழுத்துத் தொடை தண்டிக்கு ஆகிவிட்டது. சட்டி கழுவப் போனால் நிழல் மாதிரி கிட்டே வந்து நிற்கும், ஓடாது. வத்தலின் சம்சாரம் பயந்தாங்கொள்ளி இல்லை, ஊரையே வாயால் ஓட்டுகிறவள். அவளே ஒருநாள் ஈரக்கையோடு உள்ளே வந்து, “என்னங்க, யாரோ இருமுன மாதிரி இருந்துச்சு” என்றாள்.

“தவளையா இருக்கும்.”

“இத்தனை வருஷமா தவளை கத்தறதைக் கேக்கறேன். சளி பிடிச்ச தவளையை இன்னிக்குத்தான் கேக்கறேன்.”

இனி, ஊரில் ஒருவருக்கும் தெரியாத விஷயத்துக்கு வருவோம். அந்தக் குளம் வற்றாததற்குப் பேய் காரணமில்லை. காரணம் வத்தல்தான்!

அம்மா போனதற்கு அடுத்த கோடை. தண்ணீர் படிப்படியாக இறங்க ஆரம்பித்தது. அண்ணி தினமும் சாயங்காலம் வந்து, புதிதாகத் தெரிகிற படியில் ஒரு படி கீழே இறங்கி உட்காருவாள். நேற்று உட்கார்ந்த படிக்கும் இன்றைக்கு உட்காருகிற படிக்கும் நடுவே அவள் முகம் மாறிக்கொண்டே போவதைக் கொட்டகையிலிருந்து வத்தல் பார்த்தார். அண்ணன் ஓடித்தான் போனார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. போகச் சொன்னதே அவர்தானே! அடித் தரை தெரிகிற அன்றைக்கு அங்கே ஒன்றும் இருக்காது. அன்றைக்கு அண்ணி என்ன ஆவாள்? தன்னை ஒருத்தன் வேண்டாம் என்று உதறிவிட்டுப் போயிருக்கிறான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்டு அவள் எப்படி இந்த வீட்டில் அடுப்பு மூட்டுவாள்? தண்ணீர் இருக்கிறவரைக்கும்தான் அவளுக்குப் புருஷன் உண்டு. தண்ணீர் போனால் அவனும் போனான்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனதும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஒரு குழாயை இழுத்து, செடிகொடிக்கு அடியில் மறைத்து, சரிந்த கற்களுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார். மோட்டாரைப் போட்டார். சாயங்காலம் அவள் வந்து பார்த்தபோது தண்ணீர் ஒரு படி ஏறியிருந்தது. அவள் அந்தப் படியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேலே ஏறி உட்கார்ந்தாள். நிம்மதியானாள் என்று வத்தல் நினைத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையும் இதுதான். ஊருக்கெல்லாம் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உள்ளே ஊற்றுகிற பிழைப்பு. தோட்டத்துக்குக்கூட அவ்வளவு தண்ணீர் விட்டதில்லை. சம்சாரத்துக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை, “பகல்ல பேய் மாதிரி கொல்லைல பதுங்கறது நீங்கதான். இதுல ஊரு வேற பேயைத் தேடுது” என்றாள்.

வேடிக்கை என்னவென்றால் அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. தண்ணீர் ஏறுவது தன் கைவேலை என்று தெரியும். அந்தக் குமிழி? மழைக்காலத்திலும், குழாய் காய்ந்து கிடக்கிறபோதும், சரிந்த கற்களுக்கு நடுவிலிருந்து வருகிறதே, அது யார் கைவேலை? சில நாள் அந்தப் பக்கம் குழாயை மாட்டப் போனால் பிடரியில் யாரோ பார்க்கிற மாதிரி குறுகுறுக்கும். “நீ இங்க இல்லப்பா. நீ எங்கியோ நல்லா இருக்க. தெரியும் எனக்கு” என்று தண்ணீரைப் பார்த்து முணுமுணுப்பார். பதிலுக்கு ஒரு குமிழி வரும்.

இந்தக் கோடை மாதிரி ஒரு கோடையை யாரும் பார்த்ததில்லை. ஆழ்துளைக் கிணறே மூச்சுத் திணறி, விட்டு விட்டுத் துப்பியது. வத்தல் காலையிலேயே மோட்டாரைப் போட்டுவிட்டுக் குழாய் முனையைக் கையில் பிடித்தபடி கற்களின் மேல் குந்தியிருந்தார். அன்றைக்குப் பார்த்துப் பிஸ்கட் கம்பெனியில் அடுப்பு பழுது. எல்லோரையும் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெண்ணெய் வாசனை முதலில் வந்தது. அவர் திரும்பினார். அண்ணி சோற்றுத் தூக்கைக்கூடக் கீழே வைக்காமல் நின்றிருந்தாள். அவர் கையைப் பார்த்தாள். கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். குழாய் போகிற வழியைச் செடிகளுக்கு நடுவே கண்ணாலேயே பின்தொடர்ந்து, மோட்டார் ரூம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

“எவ்வளவு நாளா தம்பி?”

“அண்ணி... அது... அம்மா போன பிறகு...”

“எல்லா வெயில் காலத்துலயுமா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். குரல் எங்கோ பள்ளத்திலிருந்து வந்தது.

“நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? ஊர்ல எல்லாத் தண்ணியும் வத்துது, இது வத்தலன்னா, அவருதான் விட மாட்டேங்கறாருன்னு நெனச்சேன். என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல, அதான் தண்ணிய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருக்காருன்னு நெனச்சேன். ஒவ்வொரு வருஷமும் உக்காந்து கெஞ்சுவேன் தம்பி. ஒரே ஒரு தடவை வெலகுங்க, பாத்துட்டுப் போயிடறேன்னு. அடுத்த நாள் தண்ணி ஏறியிருக்கும்.”

இத்தனை வருஷம் வத்தல் ஊற்றிய தண்ணீரெல்லாம் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது இப்படியா?

“உங்களுக்குத் தாங்காதுன்னுதான் அண்ணி... அவன் இங்க இல்ல. போயிட்டான். நான்தான் போகச் சொன்னேன். அடியைப் பாத்தா உங்களுக்கு அது தெரிஞ்சிடுமேன்னு...”

“தெரிஞ்சா என்ன? அழுவேன். அப்புறம் எழுந்திருப்பேன். உலகத்துல எவளும் எழுந்திருக்காமலா போயிட்டா? அழறதுக்குக்கூட ஒரு தரை வேணும் தம்பி. என்னைத் தண்ணி மேல உக்கார வச்சிட்டியே நீ!” அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. முதல் தடவையாக அவரை ஒருமையில் பேசினாள். “என் கோடையெல்லாம் நீ எடுத்துக்கிட்ட. யாரைக் கேட்டு எடுத்துக்கிட்ட?”

சமையலறை ஜன்னலில் சம்சாரம் நின்றிருந்தாள்.

அண்ணி எழுந்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். “பெரிய பம்பு சும்மாதானே இருக்கு? கொண்டு வா. இறை.”

வத்தல் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பெரிய பம்பைக் கல்படிக்கு உருட்டிக்கொண்டு வந்தார். ஆயிரம் இடத்தில் இறக்கிய குழாய்தான். அன்றைக்கு அதை இறக்கத் தெரியவில்லை. சம்சாரம் வந்து பிடித்துக்கொண்டாள். அண்ணி கரையில் நின்றாள். இன்ஜின் பிடித்தது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து ஓடியது. ஓசை கேட்டுப் பால்பண்ணைக்காரர் வேலி ஓரம் வந்து, எதையோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தார். அண்ணி நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர் இறங்கியது. இதுவரை அந்த வீட்டில் யாரும் பார்த்திராத படிகள் ஒவ்வொன்றாகக் கறுப்பாக வெளியே வந்தன. மீன்கள் ஒன்றின் மேல் ஒன்று புரண்டன. நடுக்குளத்தில் சேறு முதுகு காட்டியது. உடைந்த சட்டிகள், ஒரு வாளி, ஒரு நாற்காலிக் கால். வேறு ஒன்றும் இல்லை. அண்ணி புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். முழங்கால் சேற்றில் ஒவ்வொரு அடியையும் தடவித் தடவி வைத்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம்.

“இல்ல” என்றாள் கடைசியில். அந்தச் சொல்லில் அழுகை இல்லை, சலிப்பு இல்லை. சாப்பாடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற குரல். “சரி. போயிட்டாரு. அவ்வளவுதானே?”

வத்தல் இன்ஜினை நிறுத்தப் போனார். அப்போதுதான் அந்தக் குமிழி வந்தது. சரிந்த கற்களுக்கு அடியில், இன்னும் கொஞ்சம் தேங்கியிருந்த தண்ணீரில். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

மூழ்கித் தேடியவர்கள் நடுக்குளத்தைத் துழாவினார்கள். கரை சரிந்த இடத்தில் கல் குவிந்து கிடந்ததால் அந்தப் பக்கம் யாரும் கை வைக்கவில்லை. மழையில் கரை சரிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது சரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வத்தலும்தான் கேட்கவில்லை. அவருக்கு அண்ணன் போன ஊர்தான் கண்ணில் நின்றதே தவிர, கால் எட்டுகிற தூரம் தெரியவில்லை.

அவரும் பால்பண்ணைக்காரரும் சேர்ந்து மேல் கல்லைப் புரட்டினார்கள். அதற்கு அடியில் இன்னொன்று. அந்தக் கல்லுக்குக் கீழே ஒரு பொந்து, உள்ளே ஊற்று மெல்லக் கொப்பளித்தது. அதன் விளிம்பில் சேற்றோடு சேறாக ஒரு கை எலும்பு. பம்புக் குழாயின் முனையில் குப்பை ஏறாமல் மாட்டுகிற இரும்புக் கூடு ஒன்றை அது இறுகப் பிடித்திருந்தது. எந்தச் சோதனை ஓட்டத்திலோ கழன்று விழுந்தது. அதை எடுக்க அண்ணன் இறங்கியிருக்கிறார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வழக்கமாக வேலைக்கு இறங்குகிற மாதிரி. சண்டை போட்ட கோபத்தோடு, மறுநாள் பம்பு வெளியே போக வேண்டுமே என்ற நினைப்போடு. கரை சரிந்து அவர் மேலே விழுந்திருக்கிறது.

அவர் எங்கேயும் போகவே இல்லை.

வத்தல் அப்படியே சேற்றில் மண்டியிட்டார். குழாயை அவர் வருஷா வருஷம் கொண்டுவந்து விட்ட இடம் அதேதான். அந்தக் கல்லின் மேல் குந்திக்கொண்டு, நீ இங்கே இல்லை என்று சொல்லிச் சொல்லி, அண்ணன் தலைமேலேயே ஊற்றியிருக்கிறார். அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் பால்பண்ணைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணி அழவில்லை. கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “வேலையாத்தான் வந்தீங்களா?” என்று மெல்லக் கேட்டாள், ஷிப்ட் முடிந்து தாமதமாக வந்த ஆளைக் கேட்பது போல.

பால்பண்ணைக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார். வருகிறோம், வருகிறவரை எதையும் தொடக்கூடாது என்றார்கள். அவர் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அண்ணி கற்களின் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, மேல வந்து உக்காருங்க” என்றாள் சம்சாரம்.

“தொடக்கூடாதுன்னாங்க, தொடல. பக்கத்துல உக்காரக்கூடாதுன்னு சொல்லலையே.”

அப்போதுதான் வத்தல் கவனித்தார். இன்ஜினை யாரோ நிறுத்தியிருந்தார்கள். கல்லைப் புரட்டியதில் ஊற்றுக்கண் திறந்துகொண்டது. தெளிந்த தண்ணீர், சத்தமே இல்லாமல் பொந்தை நிரப்பிக்கொண்டு மேலேறியது. விரல் எலும்புகள் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தன. மணிக்கட்டு மூழ்கிக்கொண்டிருந்தது.

அண்ணியும் பார்த்துவிட்டாள். தொடவும் முடியாது, விடவும் முடியாது. இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“தம்பி, மூடுது. மறுபடியும் மூடுது.”

வத்தல் எழுந்து ஓடினார். சேறு காலைப் பிடித்து இழுத்தது, விழுந்தார், எழுந்தார். சின்னப் பம்பின் குழாயை உருவிக்கொண்டு வந்து, எலும்பில் படாமல், பொந்தின் ஓரத்தில் முனையை வைத்துக் கையாலேயே பிடித்துக்கொண்டார். “போடுடி!” என்று கத்தினார். சம்சாரம் கயிற்றை இழுத்தாள். இன்ஜின் இருமியது, பிடித்தது.

தண்ணீர் ஒரு நூல் இறங்கியது. மணிக்கட்டு வெளியே வந்தது. பிறகு விரல்கள். ஊற்று ஏறப் பார்த்தது, குழாய் உறிஞ்சியது. அவர் கை மரத்துப்போனது. மாற்றிப் பிடிக்கப் பால்பண்ணைக்காரர் இறங்கி வந்தபோது தலையாட்டி மறுத்துவிட்டார்.

“அவங்க வர நேரமாகும் போலருக்கு” என்றாள் அண்ணி, கண்ணை அந்தக் கையிலிருந்து எடுக்காமல். “டீசல் இருக்கா?”

“இருக்கு அண்ணி.”

“நல்லாப் பிடிச்சுக்கோ.”